அண்ணன் ஒதுக்கிய கேசட்டுகள்

"நீ அவன் தம்பியாடா?"

எங்கள் பள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்காத வாத்தியார் கிடையாது. ஜூன் மாதம் முதல் வாரத்தில் கேட்கும்போது அதில் ஒரு வாஞ்சை இருக்கும். காலாண்டுத் தாள் திருத்தி வந்ததும் அதே கேள்வி வேறு ராகத்தில் வரும். எட்டாம் வகுப்பில் கணக்கில் 78 எடுத்தேன். வேறு எந்தப் பையன் எடுத்திருந்தாலும் பரவாயில்லையே என்றிருப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே வகுப்பில் ஒருவன் 98 வாங்கிவிட்டுப் போயிருந்ததால், என் 78-ஐப் பார்த்து சார் உதட்டைப் பிதுக்கினார்.

பழைய ராக் ஆல்பங்களைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மார்க் கதை பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டிய ஆல்பங்களாகத் தேடித் தேடிக் கேட்கும் வியாதி எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்கு அந்த 78-தான் காரணமோ என்று இப்போதுதான் உறைக்கிறது. திட்டு வாங்கிய ஆல்பங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தம்பிகள். ஊரே கொண்டாடிய ஓர் ஆல்பத்துக்கு அடுத்துப் பிறந்தவை. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' வந்த வீட்டில் 'டஸ்க்'. பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' வந்த வீட்டில் 'தி ஃபைனல் கட்'. யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' வந்த வீட்டில் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. அண்ணன் வாங்கிய மார்க்கை வைத்தே இவற்றுக்கும் விடைத்தாள் திருத்தினார்கள்.

நான் இவற்றைக் கேட்ட கதையும் தம்பி கதைதான். அண்ணன் சென்னையில் என்ஜினீயரிங் சேர்ந்தான். நாங்கள் திருச்சியில். விடுமுறைக்கு வரும்போது கேசட்டுகளோடு வருவான். பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் போன்ற உயர்ந்த சரக்கெல்லாம் சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே பத்திரமாக வந்து, பத்திரமாகத் திரும்பிப் போகும். தொடக்கூட விட மாட்டான். ஒருமுறை அவன் ரயிலேறிய பிறகு, பரணில் ஒரு செருப்பு டப்பா கிடந்ததைப் பார்த்தேன். உள்ளே நான்கைந்து கேசட். அவன் போட்டுச் சின்னதாய்ப்போன சட்டைகள் எனக்கு வருவது வழக்கம். அதே கணக்கில் இதையும் எடுத்துக்கொண்டேன்.

ஆக, ராக் இசையை நான் தலைகீழாகக் கேட்டவன். எது அண்ணன், எது தம்பி என்று தெரியாமலே கேட்டவன். அந்தக் காலத்தில் திருச்சிக்கு எந்த ராக் பத்திரிகையும் வராது. வந்திருந்தாலும் வாங்கக் காசு கிடையாது. இந்த ஆல்பங்களை வெறுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஆளே இல்லை.

டப்பாவில் முதலில் கைக்கு வந்தது 'தி ஃபைனல் கட்'. கறுப்பு அட்டை, ஒரு பாப்பி மலர், வரிசையாய் ராணுவப் பதக்க நாடாக்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு அதில் உதிர்ந்து போயிருந்தது. போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது மாதிரி மங்கலாகக் கேட்டது. வீட்டில் இருந்த ஒரு பக்திப் பாடல் கேசட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதன் பஞ்சை எடுத்து இதில் பொருத்தினேன். அந்த பக்திப் பாடல் கேசட் அதோடு சரி. மார்கழியில் அம்மா அது ஏன் இப்படிப் பாடுகிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆல்பத்தை எங்கள் வீட்டில் கேட்பது பெரும்பாடு. பாடுகிற ரோஜர் வாட்டர்ஸ் பாதி நேரம் காதோடு ரகசியம் சொல்வதுபோல் முணுமுணுப்பார். கேசட் இரைச்சலில் ஒன்றும் விளங்காது. வால்யூமைக் கூட்டுவேன். மறுநொடி கத்துவார். குறைப்பேன். இரண்டாம் பக்கத்தின் தொடக்கம் இன்னும் மோசம். கேசட்டைத் திருப்பிப் போட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்று குமிழை முக்கால்வாசி திருப்பி வைத்திருந்த ஓர் இரவு, ஸ்பீக்கரின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஒரு ஏவுகணை பறந்து போய் வெடித்தது.

"என்னடா அது, குண்டு விழுந்த மாதிரி?" என்று உள்ளறையிலிருந்து அப்பா.

"குண்டுதாம்ப்பா."

வெடித்து அடங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல வயலின்கள் தொடங்கும். அந்தப் புகைக்குள்ளிருந்து வரும் வயலின்களைக் கேட்டுவிட்டுத்தான் இந்த ஆளை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பின்னாளில்தான் அதன் பூர்வீகம் தெரிந்தது. 'தி வால்' படத்துக்கான துணை ஆல்பமாகத் தொடங்கியது. 1982-இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஃபாக்லாண்ட் போர் மூண்டதும் வாட்டர்ஸ் பாதையை மாற்றிவிட்டார். அவருடைய அப்பா எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் ஆன்ஸியோவில் போரில் இறந்தபோது ரோஜர் ஐந்து மாதக் குழந்தை. அப்பாவைப் பறித்த போருக்குப் பிறகு நல்ல நாடு ஒன்று கட்டித் தருவதாகச் சொன்னார்களே, அது என்ன ஆயிற்று என்று 39 வயது மகன் கேட்கிற கேள்விதான் மொத்த ஆல்பமும். இசைக்குழு அதற்குள் நொறுங்கிவிட்டிருந்தது. கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் வெளியே. கிட்டாரிஸ்ட் கில்மோர் முன்னணியில் நின்று பாடுவது ஒரே பாட்டில். கடைசிப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர்கூட குழுவின் டிரம்மர் நிக் மேசன் இல்லை, ஆண்டி நியூமார்க். அட்டையிலேயே ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது, வாசித்தவர்கள் பிங்க் ஃப்ளாய்ட் என்று வேலையாட்களைப் போல போட்டிருப்பார். சில பாட்டுகள் 'தி வால்' நேரத்தில் கழித்துக் கட்டியவை. அப்போது வேண்டாமென்றது இப்போது மட்டும் எப்படி நல்ல பாட்டாகும் என்று கில்மோர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய சோறு என்ற ஒரு பதார்த்தத்தை கில்மோர் அறிந்திருக்க மாட்டார்.

லண்டன் பத்திரிகை ஒன்று இதைப்போல் கேவலமான ஆல்பம் உண்டா என்கிற அளவுக்குத் திட்டியது. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. விற்பனையில் ஒரு வேடிக்கை. பிரிட்டனில் 'டார்க் சைட்' இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை, 'தி வால்' மூன்றாம் இடம்தான். இது முதலிடம்.

ஆனால் அட்டவணையை வைத்து நான் வாதாடப் போவதில்லை. 'தி கன்னர்ஸ் ட்ரீம்' பாட்டை மட்டும் கேளுங்கள். சுடப்பட்ட விமானத்திலிருந்து ஒரு வீரன் விழுந்துகொண்டிருக்கிறான். விழுகிற அந்த நேரத்தில் அவன் காணும் கனவுதான் பாட்டு. பெரிய கனவெல்லாம் இல்லை. சாப்பாடு, தூங்க ஓர் இடம், நினைத்ததை வாய்விட்டுச் சொல்ல முடிகிற ஒரு தெரு. கனவைக் கைவிடாதே என்கிற இடத்தில் வாட்டர்ஸ் குரலை உயர்த்திக்கொண்டே போய் ஒரு கத்தலாக நீட்டுவார். மூச்சு முட்டும் என்று நாம் நினைக்கும் நேரத்தில் அந்தக் கத்தல் சாக்ஸபோனாக மாறிவிட்டிருக்கும். ராஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட் வாசித்தது. குரல் எங்கே முடிந்தது, குழல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருக்கிறேன். தையல் தெரியவில்லை. இன்றைக்கு நல்ல ஹெட்ஃபோனிலும் தெரியவில்லை. இது மிச்சம் மீதி என்றால் எனக்கு மிச்சம் மீதியே போதும்.

இரண்டாவது கேசட், ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த ஒரு சி-90. ஒரு பக்கம் முழுக்க லெட் செப்பலினின் 'பிரெசென்ஸ்', 1976. ஆல்பம் 44 நிமிஷத்துக்குச் சற்று அதிகம். கேசட்டின் ஒரு பக்கம் 45. கடைசிப் பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் டேப் ரெக்கார்டர் டக்கென்று அணைந்துவிடும். பதிந்து கொடுத்தவர் கைராசிக்காரர். மறுபக்கத்தில் வேறெதுவோ ஒரு டிஸ்கோ இருந்தது. அதை விடுங்கள்.

1975 ஆகஸ்டில் கிரேக்கத் தீவான ரோட்ஸில் பாடகர் ராபர்ட் பிளாண்ட் கார் விபத்தில் சிக்கினார். கணுக்கால் நொறுங்கியது. அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்து. அந்த நவம்பரில் மியூனிக்கில் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தைப் பதிந்தார்கள். பிளாண்ட் சக்கர நாற்காலியில். அடுத்ததாக ஸ்டுடியோவைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர். பதிவு, கலவை எல்லாம் சேர்த்துச் சுமார் 18 நாள்தான். அதற்கே ஸ்டோன்ஸிடமிருந்து இரண்டு மூன்று நாள் கடன் வாங்க வேண்டியிருந்தது.

முந்தைய வருஷம் வந்த 'ஃபிசிகல் கிராஃபிட்டி' இரட்டைத் தட்டு. அதில் எல்லாமும் உண்டு, கல்யாணப் பந்தி மாதிரி. 'பிரெசென்ஸ்' ஆஸ்பத்திரிக் கஞ்சி. கீபோர்டே கிடையாது. அவர்களுடைய 'ஸ்டெயர்வே டு ஹெவன்' மாதிரி மெல்லத் தொடங்கும் பாட்டு கிடையாது. எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ், வலியிலிருக்கும் ஒரு மனிதனின் குரல். ஏறக்குறைய அவ்வளவுதான் சாமான். விமர்சகர்கள் வறட்சி என்றார்கள். வறட்சிதான். ஆனால் முதல் பாட்டான 'அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்'டின் பத்தரை நிமிஷத்தில் அந்த வறட்சி என்ன செய்கிறது என்று பாருங்கள். பேஸ் குதிரைக் குளம்பொலி மாதிரி ஒரே ஓட்டம். டிரம்மர் பான்ஹம் அந்தக் குதிரையை நடுநடுவே அறைந்து நிறுத்திப் பார்க்கிறார். அதன் மேல் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் ஒரே இரவில் அடுக்கிய கிட்டார்கள். கணுக்கால் போன பாடகனுக்கு எழுதிய பாட்டுக்கு, குதிகாலில் அடிபட்டுச் செத்த கிரேக்கக் கதை வீரன் அக்கிலீஸின் பெயரை வைத்த குறும்பு வேறு. விபத்துக்குச் சற்று முன் பிளாண்டும் பேஜும் மொராக்கோவில் சுற்றிய பயணம்தான் அந்த வரிகள். ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கிறவன் ஓட்டத்தைப் பற்றிப் பாடுகிறான். அதனால்தான் இந்தப் பாட்டில் இத்தனை வேகம் என்பது என் துணிபு.

எல்லாப் பாட்டுக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். 'கேண்டி ஸ்டோர் ராக்' ஓடும்போது நான் தண்ணீர் குடிக்கப் போவேன். 'டீ ஃபார் ஒன்' முன்பே அவர்கள் செய்த ஒரு புளூஸ் பாட்டின் ஒன்றுவிட்ட தம்பி, ஒன்பது நிமிஷம். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக டீ போட்டுக் குடிக்கிற எவனும் அதைக் குறை சொல்ல மாட்டான்.

சரி, இப்போது பெரிய தலைக்கட்டுக்கு வருவோம்.

மூன்றாவது கேசட்டின் அட்டையில் நீல மையில் 'யெஸ் – டேல்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. பாட்டுப் பெயர்கள் இல்லை. அதுவும் சி-90. போட்டால் பாட்டு முடியவே இல்லை. மூன்று பாட்டு போல இருக்கும், பழைய மெட்டே திரும்பி வரும், அப்போது இது இன்னும் முதல் பாட்டுத்தானா என்று சந்தேகம் வரும். மொத்தம் நான்கே உருப்படிகள், ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்துக்கு முன்னே பின்னே. இரட்டை எல்.பி. இசைத்தட்டாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டும். கேசட்டில் எனக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு இரண்டாக, தொடர்ந்து நாற்பது நிமிஷம் ஓடியது. இந்த ஆல்பத்தோடு எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரேடியோவில் ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் ஓடினால் யாரும் எழுந்து போகாத வீட்டில், இருபது நிமிஷம் என்ன பெரிய நீளம்?

இது பிறந்த கதைக்கு நம் ஊர்ப் பக்கத் தொடர்பு உண்டு. 1973 மார்ச்சில், யெஸ் குழுவிலிருந்து விலகிப்போன டிரம்மர் பில் புரூஃபோர்டின் கல்யாணம். அங்கே பாடகர் ஜான் ஆண்டர்சனுக்கு கிங் கிரிம்சன் குழுவின் தாளக்காரர் ஜேமி மியூர் அறிமுகமாகிறார். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படித்துப் பார் என்கிறார். அதே மாதம் டோக்கியோவில் ஹோட்டல் அறையில் ஆண்டர்சன் புத்தகத்தைப் புரட்டுகிறார். 83-ஆம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு. சாஸ்திரங்கள் நான்கு வகை: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். உடனே பொறி தட்டுகிறது. நான்கு வகை, நான்கு எல்.பி. பக்கம். கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹவ்வைப் பிடித்து, சுற்றுப்பயணத்தின் நடுவே ஹோட்டல் அறைகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து இருவரும் எழுதுகிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னாவில் ஒரு ராத்திரி விடிய விடிய உட்கார்ந்ததில் எலும்புக்கூடு தயார்.

நாமெல்லாம் புத்தகத்தையே முழுதாகப் படிப்பதில்லை. அந்த மனிதர் ஓர் அடிக்குறிப்பிலிருந்து 80 நிமிஷ இசை எடுத்திருக்கிறார்.

சாஸ்திரம் கற்றவர்கள் பயப்பட வேண்டாம். பாட்டில் சுருதியையும் ஸ்மிருதியையும் விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஆண்டர்சனின் வரிகளுக்குப் பொருள் கேட்பது மேகத்துக்கு முகவரி கேட்பது மாதிரி. மூன்றாம் பக்கமான 'தி ஏன்ஷியன்ட்'டில் சூரியனுக்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களை வரிசையாக ஓதுவார். சோல், தூப், சன், இலியோஸ் என்று போகும். முதன்முதல் அந்த 'தூப்' காதில் விழுந்தபோது ரீவைண்ட் பண்ணிக் கேட்டேன். இந்தி டியூஷனில் படித்த வார்த்தை. ஞாயிறு வருகிறதா என்றும் ஆசையாகக் கடைசிவரை காது கொடுத்தேன். வரவில்லை.

லண்டன் மார்கன் ஸ்டுடியோவில் நடந்த பதிவு அதைவிடக் கூத்து. ஆண்டர்சனுக்குக் காட்டுக்குள் போய்ப் பதிய ஆசை. மற்றவர்கள் மறுத்ததால், ஸ்டுடியோவையே பண்ணையாக அலங்கரித்தார்கள். வைக்கோல், வேலி, அட்டையில் வெட்டிய மாடு. குளியலறையில் பாடினால் குரல் நன்றாக இருக்கிறது என்று ஆண்டர்சன் சொன்னதால் பாடுகிற இடத்தைச் சுற்றி டைல்ஸ். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு இதெல்லாம் தாங்கவில்லை. குழுவில் மற்றவர்கள் சைவத்துக்கும் ஆன்மிகத்துக்கும் மாறிக்கொண்டிருக்க, அவர் பீருக்கும் இறைச்சிக்கும் விசுவாசமாக இருந்தார். அதே கட்டடத்தில் பிளாக் சப்பாத் குழுவின் பதிவு நடந்துகொண்டிருந்தது. அங்கே போய் அவர்களுடைய ஒரு பாட்டுக்கு வாசித்துக் கொடுத்துவிட்டு, சம்பளத்துக்குப் பதில் பீர் வாங்கிக்கொண்டார்.

பிறகு அந்தப் புகழ்பெற்ற குழம்புச் சாப்பாடு. சுற்றுப்பயணத்தில் மான்செஸ்டர் மேடை. வேக்மன் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை இது. நீண்ட பாட்டுகளில் தனக்கு வேலையில்லாத நேரம் நிறைய. ஆர்கனுக்கு அடியில் படுத்திருக்கும் உதவியாளன் கச்சேரி முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறான். இந்தியச் சாப்பாடு சாப்பிடப் போகிறேன் என்கிறார். அவன் இப்போதே வேண்டும் என்று புரிந்துகொள்கிறான். அரை மணி நேரத்தில் மேடைக்கே விந்தாலூ என்ற காரக்குழம்பு, சாதம், அப்பளம் எல்லாம் வந்து சேர்கின்றன. கீபோர்டு மேல் பரப்பி வைத்து அவர் சாப்பிட, ஆண்டர்சன் வந்து ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டைத் தொடர்கிறார். மேடையில் சாஸ்திரம், கீபோர்டு மேல் விந்தாலூ. இந்தியாவிலிருந்து எடுத்த இரண்டில் எது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

1973 டிசம்பரில் வெளியாகி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் பத்திரிகைகள் பிடிபிடியென்று பிடித்தன. ஊதிப் பெருத்தது, தற்பெருமை, முடிவில்லாதது. மூன்று வருஷம் கழித்து பங்க் என்ற முரட்டு, எளிய ராக் வந்தபோது, நாங்கள் எதை எதிர்க்கிறோம் என்று காட்ட இந்த ஆல்பத்தின் அட்டை ஒன்றே போதுமானதாக இருந்தது. 1974 மே மாதம் வேக்மன் விலகினார். ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் சரக்கு இருந்தது, ஊற்றி நிரப்பினோம் என்பது அவர் கட்சி.

அவர் சொன்னது பாதி உண்மை. 'தி ஏன்ஷியன்ட்'டின் முதல் பன்னிரண்டு நிமிஷம் யாரோ பாத்திரக்கடையில் ஸ்டீல் கிட்டாரோடு மாட்டிக்கொண்ட மாதிரி. முப்பது வருஷமாக முயன்றும் எனக்குப் பழகவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டைத் தாண்டினால் ஹவ் நைலான் கிட்டாரைக் கையில் எடுக்கிறார். அறையில் இருந்த எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திய மாதிரி ஓர் அமைதி. ஆண்டர்சன் தணிந்து பாடுகிறார். முன்பிருந்த இரைச்சலை வெட்டிவிட்டு அந்த மூன்று நான்கு நிமிஷத்தை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பாதிக்குப் பாதிதான் இனிக்கிறது. வெயிலில் நடந்து வந்தவனுக்குத்தான் மோர்.

முதல் பக்கம் பற்றி எனக்கு வாதமே வேண்டாம். அந்தக் கேசட்டில் பாட்டு நேராக ஆண்டர்சனின் ஓதலில் தொடங்கும். ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி, மூச்சு விடாமல், பின்னால் இசை மெல்ல மெல்ல ஏறும். கோயிலில் ஸ்தோத்திரம் சொல்கிறவர் வேகமெடுக்கும் இடம் நினைவுக்கு வரும். 2003-இல் வந்த சிடியில் அதற்கு முன்னால், முன்பு வெட்டியெறிந்த இரண்டு நிமிஷ வாத்திய முன்னுரையை மீண்டும் ஒட்டினார்கள். எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்குப் பழையதே பிடிக்கும். வீட்டுக்குள் நுழையும்போதே சமையல் வாசனை வர வேண்டும், வாசலில் நிறுத்தி வரவேற்புரை வேண்டாம்.

இரண்டாம் பக்கத்தில் வரும் மெலோட்ரான் (பதிந்து வைத்த டேப்புகளை ஒலிக்கவிடும் கீபோர்டு) அலைகள் வேக்மனுடையவை. அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு அடக்கமாக, இவ்வளவு அழகாக வாசித்தது குறைவு. தனக்குப் பிடிக்காத கல்யாணத்தில் பந்தி விசாரித்த மாமா மாதிரி. முகம் சுளித்துக்கொண்டே பரிமாறினாலும் இலையில் குறை வைக்கவில்லை.

'டஸ்க்' டப்பாவில் இருந்ததில்லை. முதல் சம்பளத்தில் நானே வாங்கிய சிடி. அதற்குள் பத்திரிகைகள் படிக்கத் தொடங்கி, எது தம்பி என்று தெரிந்தே வாங்கினேன். 1977-இன் 'ரூமர்ஸ்' கோடிக்கு மேல் விற்றிருந்தது. இன்னொன்று அதேபோல் போட்டுத் தா என்பதுதான் கம்பெனியின் எதிர்பார்ப்பு. ஃப்ளீட்வுட் மேக்கின் கிட்டாரிஸ்டும் பாடகருமான லிண்ட்சி பக்கிங்ஹாம் முடியை வெட்டிக்கொண்டு வந்து, முடியாது என்றார். டாக்கிங் ஹெட்ஸ், கிளாஷ் போன்ற புதுக் குழுக்களைக் கேட்டு மண்டை சூடேறியிருந்த நேரம். வீட்டுக் குளியலறையில் பதிந்தார். தரையில் தண்டால் எடுக்கும் நிலையில் கிடந்து மைக்கில் பாடினார். டிஷ்யூ பெட்டியை டிரம்மாகத் தட்டினார். இன்னொரு பக்கம், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. அதுவரை எந்த ராக் ஆல்பத்துக்கும் ஆகாத செலவு என்று பேசிக்கொண்டார்கள். டிஷ்யூ பெட்டிக்கும் பத்து லட்சத்துக்கும் நடுவில் ஊசலாடுவதுதான் 'டஸ்க்'கின் ருசி. தலைப்புப் பாட்டுக்கு தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேண்டு வாத்தியக் குழு முழுவதையும் டாட்ஜர் பேஸ்பால் மைதானத்துக்கு வரவழைத்துப் பதிந்தார்கள்.

விற்றது நாற்பது லட்சம். அதைத் தோல்வி என்றார்கள். என் 78 நினைவுக்கு வந்தது.

இந்த ஆல்பத்தைக் காப்பாற்ற வருகிறவர்கள் 'காலத்துக்கு முந்தியது' என்பார்கள். இந்தச் சொற்றொடரைக் கண்டாலே எனக்கு அலர்ஜி. 'டஸ்க்' 1979-ஐத் தவிர வேறெந்த வருஷத்திலும் வந்திருக்க முடியாது. கிறிஸ்டின் மெக்வியின் பட்டுப்போன்ற பாட்டு ஒன்று முடிந்ததும், பக்கிங்ஹாம் தகரத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைவார். அது முடிந்ததும் ஸ்டீவி நிக்ஸ் கனவில் நடப்பதுபோல் வருவார். மூன்று பேர், மூன்று வீடு, ஒரே சுவர். 'ரூமர்ஸ்' அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தது. இதில் செங்கல் தெரிகிறது.

நான் வாங்கிய சிடியில் ஒரு மோசடி இருந்தது. இரண்டு எல்.பி.யையும் ஒரே தட்டில் அடைப்பதற்காக நிக்ஸின் 'சாரா'வை ஆறரை நிமிஷத்திலிருந்து நாலரைக்கு வெட்டியிருந்தார்கள். அது தெரியாமல் பல வருஷம் அதையே காதலித்திருக்கிறேன். முழுப் பாட்டை முதன்முதல் கேட்ட அன்று, பழகிய வீட்டில் இத்தனை நாள் பார்க்காத ஒரு அறைக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது.

பால் மெக்கார்ட்னியின் 'ராம்' பற்றி எழுதலாம் என்றிருந்தேன். 1971-இல் 'ரோலிங் ஸ்டோன்' அதைக் குதறியது. பீட்டில்ஸ் பிரிந்த கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு அதைப் பாராட்டாதவர் இல்லை. கூட்டம் சேர்ந்த பிறகு வக்கீலுக்கு அங்கே என்ன வேலை? தம்பி என்பதற்காகவே எல்லாவற்றையும் தோளில் தூக்குகிறவனும் இல்லை நான். எமர்சன், லேக் அண்ட் பால்மர் 1978-இல் போட்ட 'லவ் பீச்' அட்டையில் மூன்று பேரும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஒப்பந்தக் கடனைத் தீர்க்கப் போட்ட ஆல்பம். கேட்டாலும் அது மட்டும்தான் தெரியும்.

போன பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தான். இப்போது தலை முழுக்க நரை. சாப்பாடு முடிந்து ஊஞ்சலில் உட்கார்ந்து, இந்தக் கட்டுரைக்காக நான் எடுத்து வைத்திருந்த செருப்பு டப்பாவைக் குடைந்துகொண்டிருந்தான். 'தி ஃபைனல் கட்' கேசட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுல பஞ்சு போயிருந்துச்சேடா."

"நான்தாண்ணே மாத்துனேன். ஒம்பதாவது படிக்கிறப்ப."

"நீயா எடுத்த?"

"நீ வேணாம்னு பரண்ல போட்டுட்டுப் போனதுதானே."

"வேணாம்னு எவன் சொன்னான்? ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்டா. ஹாஸ்டலுக்குக் கொண்டு போயிட்டோம்னே நெனச்சுட்டு இருந்தேன். ரூம்மேட்டுதான் அடிச்சுட்டான்னு அவனோட நாலு மாசம் பேசல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஊஞ்சல் இரண்டு முறை போய் வந்தது.

"அப்ப பிரெசென்ஸ்?" என்றேன்.

"அது வேஸ்ட்டுதான். அதை நீயே வெச்சுக்க."